சாவித்திரிபாய் அம்மையாரின் இறுதித் தொண்டு

பூனாவில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி கண்ட சாவித்திரிபாய் புலே அம்மையாரை அன்பர்கள் அறிவர். அவர்தம் இறுதித் தொண்டினை ஈண்டு நினைவூட்ட விரும்புகிறோம்.

1896இல் பம்பாயில் பரவிய பிளேக், மறு ஆண்டு பூனாவையும் பற்றியது. நோயுற்றோரை நெருங்கப் பலரும் அஞ்சினர். 66 வயதான அம்மையாரோ, வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்த் ஊருக்கு வெளியே நடத்திய மருத்துவ நிலையத்தில் பிணியாளரைப் பேணினார். முண்ட்வா மகார் குடியிருப்பில் நோயுற்ற சிறுவனைத் தாமே சுமந்து வந்தார். அந்நோய் தம்மையும் பற்ற, 1897 மார்ச் 10ஆம் நாள் மறைந்தார்.

மருந்து பலிக்காத பிணியாளருக்கும் செய்யத்தக்க தொண்டு உண்டு. வாயில் நீர் வார்க்கலாம், உடம்பைத் துடைக்கலாம், கண்விழித்திருக்கும் குடும்பத்தாருக்கு இரவுத் துணையாகலாம். டிராம்பேயில் எவர் மரணப்படுக்கையில் இருப்பினும், வாசலில் விசாரித்துத் திரும்பாமல், உள்ளே சென்று அருகில் அமர்வோமாக.