டாக்டர் வில்லியம் கோலி

காய்ச்சல் கண்டால் அதனைத் தணிக்குமாறு வேண்டி வைத்தியரை நாடுதல் உலக வழக்கம். காய்ச்சலைத் தாமே வலிய மூட்டி, அது போதிய அளவு ஏறவில்லையெனின் மருந்தை மேலும் கூட்டி, குளிரால் நடுங்கும் நோயாளியின் கட்டிலருகே நம்பிக்கையோடு காத்து நின்ற வைத்தியர் ஒருவர் இருந்தார். அமெரிக்க நாட்டினராகிய டாக்டர் வில்லியம் கோலி என்பாரே அவர். இன்று மெலனோமா என்னும் கொடிய தோற்புற்றுக்கு உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிச் செய்யப்பெறும் சிகிச்சையைக் குறித்துப் பேசுவோர், அவர் பெயரை முதலில் வைத்தே தொடங்குவர்.

கனெக்டிகட் மாகாணத்தில் 1862-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் கோலி பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்திற் பழம்பெரு மொழிகளைக் கற்று 1884-இல் பட்டம் பெற்றார். பின்னர் இரண்டாண்டு ஆரிகன் மாகாணத்திற் பள்ளி ஆசிரியராக இருந்தார். இலக்கியம் பயில்வோரும் உலகிற்குப் பயன்படுவர் என்பதற்கு இவரையே சான்று காட்டலாமென்று, தமிழ் பயிலும் யான் சிறிது பெருமிதம் கொண்டதை ஈண்டு மறைக்க வேண்டுவதில்லை. 1888-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலே தேர்ச்சி பெற்று, நியூயார்க் மருத்துவமனையில் ரண வைத்தியத்திற் பயிற்சி மேற்கொண்டார்.

1890-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், 17 வயதுடைய நங்கை ஒருத்தி அவரிடம் வந்தாள். பயணத்தின்போது வண்டியின் இருக்கைகளுக்கிடையே அகப்பட்டு நசுங்கிய கை வீங்கி வலித்தது. முதலிற் சிறு காயமென்றே எண்ணப்பட்டது. ஆராய்ந்தபொழுது எலும்பைப் பற்றிய சார்க்கோமா என்னும் புற்றெனத் தெரிந்தது. கோலி அவள் முன்கையைத் துணித்தார். பயனில்லை, நோய் உடலெங்கும் பரவியது. 1891 ஜனவரித் திங்களில் அவள் இறந்தாள். அப்பொழுது அவருக்கு வயது 29-தான். தாம் கற்ற கலை முழுவதும் ஒரு சிறு பெண்ணின் உயிரை மூன்று திங்கள் நிறுத்தி வைக்கவும் போதாது போயிற்றே என்ற வருத்தம் அவரை விட்டு நீங்கவில்லை.

வருந்துவோர் பலர், வருத்தத்தோடு பழைய ஏடுகளைப் புரட்டுவோர் சிலரே. கோலி மருத்துவமனையின் நோயாளர் குறிப்புகளை ஆண்டாண்டாகப் படித்து வந்தார். அவற்றுள் ஒரு குறிப்பு அவரைத் திகைக்க வைத்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஏழை ஒருவனுக்குக் கழுத்திற் புற்றுக்கட்டி, பலமுறை அறுத்தும் அது மீண்டும் வளர்ந்தது, வைத்தியர்கள் கைவிட்டனர். அந்நிலையில் ரணத்தில் எரிசிபெலஸ் என்னும் தொற்று பற்றியது. தோல் சிவந்து தடித்துக் கடுங்காய்ச்சலை உண்டாக்கும் நோய் அது. காய்ச்சல் ஏற ஏறக் கட்டி கரைந்து மறைந்தது. 1885-இல் அவன் வீடு சென்றான் என்று ஏடு முடிந்தது. மற்றொருவராயின், வியப்பென்று கூறி ஏட்டை மூடியிருப்பர். கோலியோ குடியேறியோர் நெருங்கி வாழும் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் வீடு வீடாகத் தேடி அலைந்து, அம்மனிதனைக் கண்டுபிடித்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் கழுத்தில் வடு இருந்தது, புற்று இல்லை.

தற்செயலாய் வந்த காய்ச்சல் செய்ததைத் தாமே செய்வித்தல் இயலாதா என்று அவர் எண்ணினார். தொண்டையிற் கட்டி அடைத்து உணவும் இறங்காத இத்தாலியர் ஒருவருக்கு, 1891 மே மாதத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் உயிர்க் கிருமிகளை ஊசியின் வழியே செலுத்தத் தொடங்கினார். பல திங்கள் சிறு காய்ச்சலன்றி வேறொன்றும் நிகழவில்லை. அக்டோபரில் வீரியம் மிக்க கிருமிகளைப் பெற்றுச் செலுத்தவே, எரிசிபெலஸ் உண்மையாகவே பற்றியது. நோயாளி சாவின் வாயிலுக்கே சென்று மீண்டார். இரண்டு வாரத்திற் கழுத்துக்கட்டி கரைந்தொழிந்தது. அதன்பின் ஏறக்குறைய 8 ஆண்டு அவர் உயிர் வாழ்ந்தார்.

ஆயினும் இவ்வெற்றியை மட்டும் கூறி மேற்செல்வது நேர்மையாகாது. உயிர்க் கிருமிகளைப் பெற்ற ஏனையோருள் இருவர் அக்காய்ச்சலினாலேயே மாண்டனர். நோயைக் கொல்ல வந்த மருந்து நோயாளியைக் கொன்றது. இதனைக் கோலி மறைக்கவில்லை. தாமே எழுதி வெளியிட்டார். அதன்பின் கிருமிகளை வெப்பத்தாற் கொன்று, ஸெராஷியா என்னும் வேறொரு கிருமியின் நஞ்சையும் சேர்த்து ஒரு மருந்து செய்தார். இதுவே கோலியின் நஞ்சு எனப் பெயர் பெற்றது. 1893 ஜனவரியில், வயிற்றில் பெருங்கட்டியோடு கிடந்த 16 வயதுச் சிறுவனுக்கு இதனை முதலிற் கொடுத்தார். மே மாதத்தில் அவன் நடந்து வீடு சென்றான், 26 ஆண்டுகளுக்குப் பின் இருதய நோயால் இறந்தான், புற்று திரும்பவேயில்லை.

இம்மருந்தைக் கொடுக்கும் முறையிலேதான் கோலியின் திறமை முழுவதும் இருந்தது. மிகச் சிறிய அளவில் தொடங்குவார். ஊசி போட்ட சிறிது நேரத்தில் உடல் குளிர்ந்து நடுங்கும். தலைவலியும் வாந்தியும் தோன்றும். பின்பு காய்ச்சல் 39 அல்லது 40 பாகை வரை ஏறும். ஏறவில்லையெனின் மறுமுறை அளவைக் கூட்டுவார்; எல்லை கடந்து ஏறினால் நிறுத்திவைப்பார். மருந்து உடலிற் பற்றியது என்பதற்குக் காய்ச்சலே அவருக்கு அடையாளம். பிறர் அஞ்சிய பக்கவிளைவையே அவர் பலனின் அறிகுறியாகக் கொண்டார். அதே வேளையில் நாடியையும் கட்டியின் மென்மையையும் நோயாளியின் களைப்பையும் நோக்காமல் அவர் அடுத்த ஊசியைத் தொட்டாரல்லர்.

பிற வைத்தியர்க்கு இப்பொறுமை வாய்க்கவில்லை. 1899 முதல் பார்க்-டேவிஸ் நிறுவனத்தார் இம்மருந்தைச் செய்து விற்றனர். ஆனால் அதன் வீரியம் ஒரே நிலையில் இருக்கவில்லை. ஒரு முறை செய்தது வலிதாகவும், மற்றொரு முறை செய்தது பயனற்றதாகவும் இருந்தது. முதற் காய்ச்சலைக் கண்டதுமே அஞ்சி நிறுத்தியவரும் உளர். இதற்கிடையே எக்ஸ்-ரே கதிரும் ரேடியமும் வந்தன. கோலி பணியாற்றிய மெமோரியல் மருத்துவமனையின் தலைவரும் பெரும் நோய்க்குறி நிபுணருமான ஜேம்ஸ் ஈவிங், கதிர்ச் சிகிச்சையையே சிறந்ததெனக் கொண்டு கோலியை எதிர்த்து நின்றார். குணமடைந்தவர்களுக்கு முதலிற் புற்றே இல்லை என்பது எதிர்த்தோர் வாதம். கோலியின் பக்கலிலும் குறை உண்டு. குறிப்புகளை ஒரே சீராக அவர் எழுதி வைக்கவில்லை. பலரைப் பின்னர்த் தொடர்ந்து காணவுமில்லை. ஈவிங்கைக் கொடியவராகக் காட்டுதல் எளிது. ஆனால் தெளிவான கணக்கு கேட்டவரைக் குறை கூறுவது எங்ஙனம்? 1936 ஏப்ரல் 16-ஆம் நாள் கோலி காலமானபொழுது, அவர் கொள்கையை நம்பினோர் மிகச் சிலரே.

கிருமியின் நஞ்சு ஏன் புற்றைக் கரைத்தது என்பதற்கு அவரால் விடை கூற இயலவில்லை. அக்கிளர்ச்சி உடலின் காவற்படையைத் தட்டி எழுப்பியிருக்க வேண்டுமென்று இன்று அறிஞர் கருதுகின்றனர். அப்படையிலுள்ள டி உயிரணுக்களைத் தடுத்து நிறுத்தும் தடைகள் சில உண்டெனவும், அவற்றை நீக்கினால் அவ்வணுக்கள் புற்றைத் தாக்குமெனவும் ஜேம்ஸ் அல்லிசன், தசுகு ஹோஞ்சோ ஆகிய இருவரும் காட்டினர். 2018-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அவ்வகையில் முதலில் வந்த இப்பிலிமுமாப் என்னும் மருந்து, பரவிய மெலனோமாவிற்கென 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குமுன் அந்நோய் பரவியவருள் பெரும்பாலோர் ஓராண்டைக் கடந்ததில்லை. இன்று பல்லாண்டு வாழ்வோர் பலர்.

ஆயினும் கோலியின் கட்டிலருகே இருந்த இடர்ப்பாடு இன்றும் தீர்ந்தபாடில்லை. தடை நீங்கிய படை, பகைவரோடு தன் நாட்டையும் தாக்கும். தோலில் தடிப்பும் அரிப்பும், குடல் அழன்று வயிற்றுப்போக்கும், ஈரல் வீங்கிக் கண்ணில் மஞ்சளும், நுரையீரல் தாக்கப்பட்டு வறட்டிருமலும் மூச்சிறைப்பும் தோன்றலாம். தைராய்டு, பிட்யூட்டரி முதலிய சுரப்பிகள் கெட்டுப்போயின், காரணந்தெரியாத சோர்வும் தலைவலியும் மட்டுமே வெளிப்படும். இவை முதல் ஊசிக்குச் சில வாரங்களுக்குப் பின்னும் வரும். சிகிச்சை முடிந்து பல திங்கள் கழித்தும் வரும். உடனே சொன்னால் பெரும்பாலானவற்றை ஸ்டீராய்டு மருந்துகளால் அடக்கிவிடலாம். சிகிச்சை நின்றுவிடுமோ என்றஞ்சி வயிற்றுப்போக்கை மறைத்த நோயாளி, குடலிற் புழைவிழுந்து உயிரிழக்கவும் கூடும்.

பலனின் அடையாளங்களும் அவ்வளவு தெளிவாக இல்லை. சிலருக்குக் கட்டி சுருங்குமுன் பெரிதாகத் தோன்றும்; படையணுக்கள் உள்ளே திரண்டு புகுவதே அதற்குக் காரணம். இவ்வாறு நிகழ்வது அரிது. வளர்ந்த கட்டிகளுட் பெரும்பாலானவை மெய்யாகவே வளர்ந்தனவே. ஆதலால், நோயாளியின் நிலை நன்றாயிருப்பின், சில வாரம் பொறுத்து மீண்டும் படமெடுத்துப் பார்ப்பர். மெலனோமா உடையோர் சிலரது தோலில் வெண்படலம் தோன்றுவதுண்டு. நம்மவர் அதனை வெண்குட்டம் என்று தவறாகப் பெயரிட்டு அருவருப்பர்; குட்டத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. தோலுக்கு நிறந்தரும் அணுக்களும் மெலனோமாவும் ஒரே குலத்தினவாதலின், படை இரண்டையும் தாக்குகிறது. அப்படலம் தோன்றியவர் நெடுநாள் வாழ்தல் மிகுதியெனக் கண்டுள்ளனர். எனினும் பக்கவிளைவு ஒன்றும் இல்லாதவர்க்கும் மருந்து பலிப்பதுண்டு. காய்ச்சலையே அளவுகோலாகக் கொண்ட கோலி இதனை அறிந்திருப்பின் வியந்திருப்பார்.

அவர் மகள் ஹெலன் கோலி நாட்ஸ் மருத்துவம் பயிலாதவர். தந்தையார் இறந்தபின் அவர்தம் கடிதங்களையும் குறிப்புகளையும் கண்டெடுத்து, ஏறக்குறைய ஆயிரம் நோயாளர் வரலாற்றைப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்தார். தந்தையார் எழுதாது விட்ட கணக்கை மகளார் எழுதினார் என்க. 1953-இல் நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். அதற்கு 2,000 டாலர் முதற்பொருள் உதவியவர் நெல்சன் ராக்பெல்லர். 1891-இல் இறந்த அந்நங்கையை உடன்பிறந்தாள்போல் நேசித்த இளைஞர் ஜான் ராக்பெல்லரின் மகனாவார். ஹெலன் 2001-இல் மறைந்தார். அவர் கழகம் கோலியின் பெயரால் அளித்துவரும் பரிசை, நோபல் பெறுமுன்னரே அல்லிசனும் ஹோஞ்சோவும் பெற்றிருந்தனர்.