தேயிலைப் பெட்டியில் பிறந்த டெலிவிஷன்

பெருங்களத்தூரில் ரெயிலை விட்டு இறங்கி எந்தத் தெருவில் நுழைந்தாலும், மாலை நேரத்தில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் சத்தம் கேட்கும்.

இப்பொழுது வருகிற டெலிவிஷன்கள் பெரியவை. பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். சுவரில் துளை போட்டு, இரும்புச் சட்டத்தை முடுக்கி, அதில் மாட்டுகிறார்கள். இடப்பக்கம் இறங்கியிருக்கிறது, வலப்பக்கம் ஏறியிருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சுவிட்சைப் போட்டால் போதும். கிரிக்கெட் பந்தின் தையல் கூடத் தெரிகிறது!

முதன் முதலில் டெலிவிஷனில் மனித முகத்தைத் தெளிவாக வரவழைத்துக் காட்டியவர், ஒரு நோயாளி. கையில் காசு இல்லாதவர். அவர் செய்த கருவி, தேயிலை வந்த பழைய மரப் பெட்டியின் மேல் நின்றது.

அவர் பெயர் ஜான் லோகி பெயர்டு.

பாதிரியார் மகன்

பெயர்டு 1888-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி பிறந்தார். ஸ்காட்லாந்தில் கடலோரமாக உள்ள ஹெலன்ஸ்பர்க் அவருடைய ஊர். தந்தை பாதிரியார். நான்கு குழந்தைகளில் பெயர்டுதான் கடைக்குட்டி.

சின்ன வயதில் கடும் நோய் கண்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் சளியும் காய்ச்சலும் உயிர் உள்ளவரை அவரை விடவில்லை.

உடம்புதான் சோர்ந்திருந்தது. மூளை சும்மா இருக்கவில்லை!

பக்கத்து வீட்டு நண்பர்களோடு பேசுவதற்காக, தெருவின் குறுக்கே கம்பி கட்டி டெலிபோன் அமைத்தார். ஒரு நாள் புயலில் கம்பி தாழ்ந்து தொங்கியது. அந்த வழியே வந்த குதிரை வண்டிக்காரர் அதில் சிக்கிக் கீழே விழுந்தார். டெலிபோன் அதோடு முடிந்தது.

உடனே மின்சாரத்தின் பக்கம் திரும்பினார், பையன். சிறு இயந்திரம் ஒன்றை வைத்து மின்சாரம் உண்டாக்கி, தன் வீட்டில் விளக்கு எரியச் செய்தார். மின்சார விளக்கு அபூர்வமாக இருந்த காலம் அது.

ஜாம் செய்யப் போனவர்

கிளாஸ்கோ நகரில் பொறியியல் படித்தார். 1914-ல் உலகப்போர் மூண்டது. பட்டாளத்தில் சேரப் போனார். உடம்பு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மின்சாரக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே ஒரு விபரீத ஆசை வந்தது. வைரம் செய்ய வேண்டும்! கரியைச் சிமெண்டுக்குள் புதைத்து, அதில் பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சினார். வைரம் கிடைக்கவில்லை. அந்த வட்டாரத்தின் மின்சாரம் நின்றதுதான் மிச்சம்.

பிறகு, குளிரில் காலைக் காக்கும் காலுறை விற்றார். அதில் நல்ல பணம் வந்தது. பணத்தை எடுத்துக்கொண்டு, 1919-ம் ஆண்டு டிரினிடாட் தீவுக்குக் கப்பல் ஏறினார். நம் நாட்டிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள் ஏராளமாகக் குடியேறிய தீவு அது. பழமும் சர்க்கரையும் மலிவு. ஜாம் செய்து விற்கலாம் என்பது திட்டம்.

பாகு கொதித்தது. வாசனை பரவியது. காட்டில் இருந்த பூச்சிகள் எல்லாம் கூட்டமாகப் பறந்து வந்து பாகில் விழுந்தன! நோயும் நஷ்டமுமாக லண்டன் திரும்பினார். தேன் விற்றார். சோப்பு விற்றார். மறுபடியும் படுக்கையில் விழுந்தார்.

கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று, 1923-ல் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். வயது 34. வேலை இல்லை. அங்கே துருப்பிடிக்காத சவரக் கத்தி ஒன்றைக் கண்ணாடியில் செய்தார். கன்னம் கிழிந்தது. காற்று அடைத்த பூட்சு செய்தார். நடக்கும்போதே வெடித்தது!

அதற்குப் பிறகுதான் டெலிவிஷன்.

ஓட்டைத் தட்டு

படம் எப்படிக் காற்றில் போகும்? இதைப் புரிந்துகொள்வது கஷ்டம் அல்ல.

பத்திரிகையில் அச்சான ஒரு போட்டோவைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பாருங்கள். படம் மறைந்துவிடும். சிறு சிறு புள்ளிகள்தான் தெரியும். தள்ளி வைத்தால் புள்ளிகள் சேர்ந்து முகம் ஆகிவிடும்.

டெலிவிஷனிலும் இதுதான் நடக்கிறது. படத்தை வரி வரியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பதை மின்சாரமாக மாற்றி அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்தில், அதே வரிசையில் மறுபடி வெளிச்சமாக மாற்ற வேண்டும். இவ்வளவும் கண்ணை ஏமாற்றும் வேகத்தில் நடக்க வேண்டும்.

1884-ம் ஆண்டிலேயே நிப்கோ என்ற ஜெர்மன் மாணவர் இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார். வட்டமான தட்டில், சுருள் வடிவத்தில் ஓட்டைகள் போட்டுச் சுழல விடவேண்டும். ஒவ்வொரு ஓட்டையும் படத்தின் ஒரு வரியைத் துழாவிச் செல்லும். யோசனை நல்லதுதான். ஆனால் அதை வைத்து உயிருள்ள முகத்தைக் காட்ட 40 வருஷமாக யாராலும் முடியவில்லை.

பெயர்டு தொப்பி வைக்கும் அட்டைப் பெட்டியிலிருந்து தட்டு வெட்டினார். தையல் ஊசியை அச்சாக வைத்தார். சைக்கிள் விளக்கின் கண்ணாடிகளை மாட்டினார். பழைய மோட்டார் ஒன்றைத் தேயிலைப் பெட்டியில் பொருத்தினார். அரக்கு, பசை, நூல் கொண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார்.

ஓடியது! ஒரு பொருளின் நிழல் மட்டும், சில அடி தூரத்தில் ஆடி ஆடித் தெரிந்தது.

1924-ம் ஆண்டு ஜூலை மாதம் மின்சாரம் தாக்கித் தூக்கி எறியப்பட்டார். கை பொசுங்கியது. உயிர் தப்பியது பெரிது. இடத்தைக் காலி செய்யும்படி கட்டிட சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

கூலி இரண்டரை ஷில்லிங்

மூட்டை முடிச்சோடு லண்டனுக்கு வந்தார். ஃபிரித் தெருவில் ஒரு வீட்டின் மாடியில் குடிபுகுந்தார். செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடையில், வாடிக்கைக்காரர்களுக்கு மூன்று வாரம் தன் கருவியைக் காட்டிக் கொஞ்சம் பணம் சேர்த்தார்.

மாடி அறையில் ஒரு பொம்மைத் தலையை வைத்துச் சோதனை செய்துவந்தார். விளக்குகளின் சூடு அவ்வளவு கடுமை. மனிதர் உட்கார முடியாது. பொம்மைக்குத் தலைமயிர் கருகியது.

1925-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. அன்று பொம்மையின் முகம் நிழலாக அல்லாமல், கண், மூக்கு, வாயுடன் திரையில் தெரிந்தது!

பெயர்டு மாடிப்படியில் ஓடினார். கீழே ஓர் ஆபீசில் வேலை பார்த்த பையன் அகப்பட்டான். அவன் பெயர் வில்லியம் டெய்ன்டன். வயது 20. அவனை இழுத்து வந்து விளக்கின் முன் உட்கார வைத்துவிட்டு, அடுத்த பக்கம் போய்ப் பார்த்தார். திரையில் ஒன்றும் இல்லை! திரும்பி வந்து பார்த்தால், பையன் சூடு தாங்காமல் விலகி நின்றுகொண்டிருந்தான். கையில் இரண்டரை ஷில்லிங் கொடுத்து மீண்டும் உட்கார வைத்தார். இந்தத் தடவை முகம் தெரிந்தது. டெலிவிஷனில் முகம் காட்டக் கூலி வாங்கிய முதல் மனிதன் டெய்ன்டன் என்று சொல்லலாம்.

1926-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, ராயல் இன்ஸ்டிடியூஷன் அறிஞர்கள் அந்தக் குறுகலான படியில் ஏறி வந்தார்கள். சிறு சிறு கூட்டமாக உள்ளே போய்ப் பார்த்தார்கள். பத்திரிகையில் செய்தி வந்தது. அப்புறம் புகழ்தான். 1927-ல் லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்குப் படம் போனது. 1928-ல் கடல் தாண்டி அமெரிக்காவுக்கே போனது. அதே ஆண்டில் கலரிலும் காட்டினார்.

வீட்டுக்கு வந்த பெட்டி

1930-ல் பெயர்டு கம்பெனியின் டெலிவிஷன் பெட்டி கடைக்கு வந்தது. விலை 25 கினி. ஒரு தொழிலாளியின் பல வாரச் சம்பளம்! இங்கிலாந்துப் பிரதமர் மாக்டொனால்டின் வீட்டிலும் ஒரு பெட்டி வைக்கப்பட்டது.

அதை வீட்டில் பூட்டுவது லேசான காரியம் அல்ல. படத்துக்கு ஒரு ரேடியோ, பேச்சுக்கு ஒரு ரேடியோ வேண்டும். உள்ளே தட்டு சுழலும். அதன் வேகம் சற்றுப் பிசகினால் படம் நழுவி ஓடும். குமிழைத் திருகித் திருகி நிறுத்த வேண்டும். இவ்வளவு பாடுபட்டால் சிறு அட்டை அளவில், செந்நிறத்தில், 30 வரிப் படம் தெரியும். அது அகலத்தைவிட உயரம் அதிகமான படம். இன்றைய செல்போனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது போதாது என்பது பெயர்டுக்கே தெரியும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்படி பெரிய திரை வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1930-ம் ஆண்டு ஜூலை மாதம், லண்டன் கொலிசியம் அரங்கில் 2,100 சிறு பல்புகளை வரிசையாக அடுக்கி ஒரு திரை செய்தார். பல்புகள் மாறி மாறி எரிந்து படம் காட்டின. இன்று கடைத்தெருவில் மின்னும் விளம்பரத் திரைகள் இதற்குப் பேரன் முறை. 1932-ல் டெர்பி குதிரைப் பந்தயத்தை, அது நடக்கும்போதே லண்டன் சினிமாக் கொட்டகையில் காட்டினார்.

இதற்கு முந்தின ஆண்டு, 1931-ல்தான் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓட ஆரம்பித்தது. சென்னை டெலிவிஷன் நிலையம் வர அதன் பிறகு 44 வருஷம் ஆனது. 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி அது தொடங்கியது.

தீயும் தோல்வியும்

படம் பெரிதானால் வரிகளும் கூட வேண்டும். இல்லாவிட்டால் முகம் கோடு கோடாகப் பிளந்துவிடும். 1935-ல் இங்கிலாந்து அரசின் கமிட்டி ஒன்று, 240 வரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹை டெபனிஷன். இன்று பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அதே ஹெச்.டி. என்ற சொல்தான்!

1936-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, பி.பி.சி. நிலையத்தில் போட்டி ஆரம்பித்தது. ஒரு வாரம் பெயர்டு கம்பெனியின் 240 வரி. மறு வாரம் மார்க்கோனி-ஈ.எம்.ஐ. கம்பெனியின் 405 வரி.

பெயர்டு கம்பெனியின் காமிரா தரையோடு பூட்டப்பட்டிருந்தது. முதலில் பிலிமில் படம் எடுத்து, உடனே கழுவி, பிறகு அனுப்பினார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் தாமதம். எதிர்க் கம்பெனியின் காமிராவில் சுழலும் தட்டு இல்லை. எலெக்ட்ரான் கதிரே படத்தைத் துழாவியது. காமிரா நினைத்த பக்கம் நகர்ந்தது.

அந்த நவம்பர் 30-ந் தேதி இரவு கிறிஸ்டல் பாலஸ் மாளிகை தீப்பற்றி எரிந்தது. பெயர்டு கம்பெனியின் தொழிற்கூடமும் அதில் நாசமாயிற்று. 1937 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 405 வரிக்கே வெற்றி.

தீ எரியாமல் இருந்தாலும் அவர்கள் ஜெயித்திருக்க மாட்டார்கள். சுழலும் தட்டுக்கு வயதாகிவிட்டது. கம்பெனி பெயர்டின் பெயரில் இருந்ததே தவிர, நிர்வாகம் வேறு கைகளுக்குப் போய் வெகு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தத் தட்டை அவர் பல வருஷம் விடாமல் கட்டிக்கொண்டிருந்ததும் உண்மை.

சொந்தக் காசில் ஆயிரம் வரி

1939-ல் மீண்டும் உலகப்போர். டெலிவிஷன் நிலையத்தை மூடினார்கள். கம்பெனி நொடித்தது. பெயர்டுக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். சேமிப்பில் இருந்த பணத்தை எடுத்து, லண்டனில் தன் வீட்டிலேயே ஆராய்ச்சி நடத்தினார். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கூட இருந்த உதவியாளர்கள் ஓரிருவர்தான்.

அவருடைய மிகச் சிறந்த வேலை இந்த நாட்களில்தான் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 600 வரியில் கலர்ப் படம் காட்டினார். 1944-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி, சுழலும் தட்டே இல்லாத கலர் படக்குழாயைக் காட்டினார். அத்தனை வருஷம் கட்டிக்கொண்டிருந்த தட்டைத் தானே தூக்கிப் போட்டுவிட்டார்!

போருக்குப் பின் எப்படிப்பட்ட டெலிவிஷன் வேண்டும் என்று அரசுக் கமிட்டி கேட்டபோது, 1,000 வரி வேண்டும் என்று சொன்னார். ஆனால் பழைய 405 வரியே மறுபடி தொடங்கியது. நமக்கு வந்தது 625 வரி. இப்போதைய ஹெச்.டி. படத்துக்கு 1,080 வரி. 4கே என்று விற்கிற பெட்டிகளில் 2,160. பழைய முறையில் வரும் படத்தைப் புதிய பெரிய திரையில் போட்டால் மங்கித் தெரிவதற்கும் இந்த வரிக் கணக்கே காரணம். பெட்டியில் கோளாறு இருக்காது.

1946 பிப்ரவரியில் பெயர்டுக்குப் பக்கவாதம் வந்தது. மீண்டும் கடற்கரையைத் தேடி, பெக்ஸ்ஹில் என்ற ஊரில் குடியிருந்தார். ஜூன் 7-ந் தேதி பி.பி.சி. டெலிவிஷன் மறுபடியும் ஆரம்பமாயிற்று. ஜூன் 14-ந் தேதி பெயர்டு காலமானார். வயது 57.

ஹெலன்ஸ்பர்க் இடுகாட்டில், தாய் தந்தையர் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.