திருச்சுழி தந்த முனிவர்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, வானம் பார்த்த வறண்ட நிலத்திடையே, குண்டாற்றங்கரையில் அமைந்தது திருச்சுழி. பூமிநாதர் கோயில் கொண்ட அவ்வூரிலே, வழக்குரைஞர் சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் பிறந்த வேங்கடராமனே பிற்காலத்தில் இரமண மகரிஷி எனப் பெயர் பெற்றவர்.

1892-இல் தந்தையார் மறையவே, மதுரையிற் சிற்றப்பனார் இல்லஞ் சேர்ந்து, அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். பாடத்தினும் பந்தாட்டத்திலேயே நாட்டம் மிகுதி. இவ்வளவில் அவர் நம்மவரே! 1896 ஜூலையில் ஒரு நாள் திடீரென மரணபயம் பற்றிற்று. உடல் மாண்டபின் மாளாது நிற்கும் ‘நான்’ எதுவென உள்ளே நோக்கினார். ஆகஸ்டு 29-இல், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென வைத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டார். செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலையை அடைந்தவர், அன்றே பூணூலையுங் களைந்தெறிந்தார்.

தாம் யார் என்னும் வினா ஒரு நாட்டார்க்கே உரியதன்று. ஆதலின் 1911-இல் ஆங்கிலேயக் காவல் அதிகாரி ஒருவரும், 1931-இல் பால் பிரண்டனும் அவரை நாடி வந்தனர். பிரண்டன் 1934-இல் வெளியிட்ட நூலால் மேனாட்டாரும் அவரை அறிந்தனர். வந்தார் எவரையும் அவர்தம் சமயத்தையோ தேயத்தையோ துறக்குமாறு அவர் பணித்திலர். தாமும் தமிழை விட்டிலர், அருணாசலத்தை விட்டிலர், கோவணம் ஒன்றே உடையாக இருந்தார்.

1924-இல் ஓரிரவு ஆசிரமத்துட் கள்வர் புகுந்து அவரைத் தொடையில் அடித்தனர். சினந்தெழுந்த அன்பர்களை, திருப்பி அடித்தல் கூடாதென அவரே தடுத்தார். மலைப் பிரசங்கத்தைச் சிறுபருவம் முதற் கேட்டு வளர்ந்த நாம், அவ்விடத்திருந்தால் யாது செய்திருப்போம்?

ஒன்று மட்டும் என் நெஞ்சை உறுத்துகின்றது. ஆசிரம உணவுக்கூடத்தில் வைதிகப் பிராமணர் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமுமாக, இடையே தடுப்பிட்டு உண்டனர். ஐரோப்பியருக்கும் ஏனையோர் பக்கமே இடம். மகரிஷியோ இருசாராரும் காணுமாறு அமர்ந்தார். பிறர் ஆசாரத்திற் கைவையாமை அவர் இயல்பென்பர் அன்பர். பிறநாட்டார் நெறியை அவர் மதித்ததும் அவ்வியல்பினாலேயே என்பது விளங்குகின்றது. எனினும், தம் பூணூலைக் களைந்த கை அத்தடுப்பையும் அகற்றியிருக்கலாகாதா? நாட்டு வழக்கம் என்பதனாலேயே மனிதரைப் பிரித்து அமர்த்துவது தகுமென்று என்னால் ஒப்ப இயலவில்லை.

1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அவர் மறைந்தார். திருச்சுழியில் அவர் பிறந்த இல்லம் ‘சுந்தர மந்திரம்’ என்னும் பெயரோடு இன்றும் உள்ளது.