தமிழ் அச்சின் தந்தை அன்றீக்கு அடிகளார்

போர்த்துக்கல் நாட்டில் 1520-இல் பிறந்த அன்றீக்கு அடிகளாரை, யூத வழிமரபினர் என்பதற்காகப் பிரான்சிஸ்கு சபை விலக்கிற்று. 1545-இல் சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே இந்தியா வந்த அடிகளார், முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடையே பணியேற்றார். ஞானஸ்நானம் பெற்றும் மறையுண்மைகளைத் தெளிவாக அறியாதிருந்த அம்மக்களுக்குத் தாய்மொழியிலேயே போதிக்க விரும்பி, அரும்பாடுபட்டுத் தமிழ் கற்றார், இலக்கணமும் எழுதினார்.

அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூலே, இந்திய மொழியொன்றின் சொந்த எழுத்தில் இந்நாட்டில் அச்சான முதல் நூலாகும். 1586-இல் ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. அரை நூற்றாண்டு அக்கடற்கரையிலேயே உழைத்து, 1600-இல் புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். குலத்தால் தள்ளப்பட்ட அவரே தமிழ் அச்சுக்கு மூலைக்கல்லானார். செபப்புத்தகத்தைக் கையிலேந்தும்போது அவரை நன்றியுடன் நினைப்போமாக!