சாபந்தர் வழிவந்த துன் அப்துல் ரசாக்

மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அத்துறைமுகத்திலே நான்கு சாபந்தர்கள் இருந்தனர் என்று சரித்திரம் கூறும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவரின் கப்பல்களைக் கவனிப்பதற்கென அவர்களில் ஒருவர் இருந்தார். சரக்கை இறக்க இடந் தருவதும், பண்டகசாலை காட்டுவதும், செலுத்த வேண்டிய தீர்வை இன்னதென்று சொல்வதும் அவருடைய கடமை. அரசாங்கத்துக்கும் வியாபாரிக்கும் நடுவே நின்று, இரு தரப்பாரின் வழக்கத்தையும் அறிந்து நடந்தவர் அவர். அப்பெயரை உடைய பட்டம் பிற்காலத்தில் பகாங் நாட்டின் பெரும் பிரதானிகள் நால்வரில் ஒருவருக்கு வழங்கி வந்தது. அப்பட்டத்தைத் தாங்கிய டத்தோ ஹுசைன் அவர்களின் குமாரரே நம் நாட்டின் இரண்டாவது பிரதமர் மர்ஹூம் துன் அப்துல் ரசாக் அவர்கள்.

ஐந்து நாடுகளோடு தொடங்கி, 2025-ம் ஆண்டில் திமோர் லெஸ்தேயும் சேர்ந்து 11 நாடுகளாக விரிந்துள்ள ஆசியான் கூட்டமைப்பின் மூலப் பத்திரத்தில் மலேசியாவின் சார்பில் கையொப்பமிட்டவர் அவர்தாம். தீர்வையின்றிச் சரக்கு வரும் வழி இன்று திறந்திருக்கிறதென்றால் அதன் முதற்கல் அவர் காலத்தில் நாட்டப்பட்டது. ஆதலின் வாணிபம் செய்து வாழும் நாம் அவருடைய வரலாற்றை அறிந்திருப்பது நலம்.

அவர் 1922-ம் ஆண்டு மார்ச் 11-ம் தேதி பகாங்கிலுள்ள பெக்கானில் பிறந்தார். 1934-ம் ஆண்டில் நமது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரிலுள்ள மலாய்க் கல்லூரியில் சேர்ந்தார். 1877-ம் ஆண்டில் சர் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டு வளர்த்த ஊர் அது. அங்கு வேரூன்றிய ரப்பர் பின்னர் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா என எங்கும் பரவிற்று. தோட்டங்கள் எழுந்த இடமெல்லாம் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து அரிசி, புளி, மிளகாய், கைலி ஆகியவற்றைச் சுமந்து நம் முன்னோரும் வந்து கடை வைத்தனர். ரப்பர் விலை ஏறினால் கடன் பேரேடு தீரும். இறங்கினால் பேரேடு தடிக்கும். பேராக் மாநிலத்துச் சிறு வியாபாரிகள் பலரின் வாழ்வு இவ்விதம் கடல் கடந்த சந்தைகளின் விலையோடு கட்டுண்டிருந்தது.

இளைஞர் ரசாக் 1940-ம் ஆண்டில் சிங்கப்பூர் ராபிள்ஸ் கல்லூரிக்குச் சென்றார். யுத்தம் வந்து படிப்பைத் தடுத்தது. ஜப்பானியர் ஆட்சியில் பகாங்கில் இரகசியமாக இயங்கிய வத்தானியா எதிர்ப்புப் படையில் அவர் பங்கு கொண்டார். யுத்தம் ஓய்ந்தபின் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று, 1950-ம் ஆண்டில் வழக்கறிஞராகித் திரும்பினார். அங்கே துங்கு அப்துல் ரகுமானுடன் ஏற்பட்ட நட்பு ஆயுள் முழுதும் நீடித்தது. 1955-ம் ஆண்டில் கல்வி மந்திரியானார். 1957-ம் ஆண்டில் நாடு சுதந்திரம் பெற்றதும் உபப் பிரதமரும் பாதுகாப்பு மந்திரியும் ஆனார்.

கிராம அபிவிருத்தி இலாகாவையும் ஏற்றபோது அவர் கையாண்ட முறையை நாம் கவனிக்க வேண்டும். மாவட்டந்தோறும் ஒரு பெரிய சிவப்பு ஏட்டை அவர் அனுப்பினார். எந்தக் கிராமத்துக்குச் சாலை வேண்டும், எங்கே கிணறு வேண்டும், எங்கே பள்ளிக்கூடம் வேண்டும் என்பதை அந்தந்த மாவட்டக் குழுவே வரைபடத்துடன் அதில் குறிக்க வேண்டும். தலைநகரில் ஓர் அறையின் சுவர் முழுவதும் படங்களும் கணக்குகளும் மாட்டப்பட்டன. எந்த வேலை முடிந்தது, எது நின்றது, ஏன் நின்றது என்பதை அந்த அறையில் நின்றபடியே அறியலாம். அத்துடன் விடாமல் அவரே நேரில் சென்று பார்ப்பார். ஏட்டில் சாலை இருந்து தரையில் இல்லையென்றால், அதற்குரிய அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். திட்டம் வேறு, பலன் வேறு என்பதை நன்குணர்ந்த மனிதர் அவர்.

இனி, வியாபாரிகளை நேரே தாக்கிய ஒரு துன்ப காலத்துக்கு வருவோம். 1963-ம் ஆண்டு செப்டம்பரில் மலேசியா அமைந்ததும் இந்தோனேசியா நம் நாட்டோடு வாணிபத் தொடர்பைத் துண்டித்தது. பினாங்கு துறைமுகத்துக்கு அது பேரிடி. சுமத்திராவிலிருந்து ரப்பரும் மிளகும் பாக்கும் வந்திறங்க, இங்கிருந்து துணியும் பல சரக்கும் அங்கே செல்வது தலைமுறைகளாக நடந்து வந்த வழக்கம். அச்சேயிலும் மேடானிலும் பற்று வரவு வைத்திருந்த நம்மவரின் கணக்குகள் அப்படியே நின்றன. கடலின் இரு கரையும் அங்கேயே இருந்தன, கப்பலும் இருந்தது, சரக்கும் இருந்தது. சமாதானம் ஒன்றுதான் இல்லை.

அந்தச் சமாதானத்தை மீட்கப் பாடுபட்டவர்களில் துன் ரசாக் முதன்மையானவர். 1966-ம் ஆண்டு மே மாத இறுதியில் பாங்காக்கில் இந்தோனேசிய வெளிநாட்டு மந்திரி ஆதாம் மாலிக்கைச் சந்தித்துப் பேசினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி ஜாகர்த்தாவில் இருவரும் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். பகை தீர்ந்தது.

ஓராண்டு கழியுமுன் ஆசியான் பிறந்தது. தாய்லாந்தின் பாங்சேன் கடற்கரையில் ஐந்து நாட்டுப் பிரதிநிதிகளும் ஆடம்பரமின்றிக் கூடிப் பேசி முடிவு செய்தனர். 1967-ம் ஆண்டு ஆகஸ்ட் 8-ம் தேதி பாங்காக்கில் பத்திரம் கையொப்பமாயிற்று. இந்தோனேசியாவின் ஆதாம் மாலிக், பிலிப்பைன்சின் நார்சிசோ ராமோஸ், தாய்லாந்தின் தானாட் கோமான், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரின் வெளிநாட்டு மந்திரியாக விளங்கிய தமிழர் ராஜரத்தினம், நமது துன் ரசாக் ஆகிய ஐவரும் அதில் ஒப்பமிட்டனர். அப்பத்திரத்தில் தீர்வைக் குறைப்புப் பட்டியல் ஏதுமில்லை. அண்டை வீட்டாரோடு பகையில்லாமல் இருந்தால்தான் கடைவீதி செழிக்கும் என்ற அறிவு மட்டும் அதில் இருந்தது.

1970-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி அவர் பிரதமரானார். 1969-ம் ஆண்டின் கலகத்தால் நாடு காயமுற்றிருந்த நேரம் அது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டத்தால் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தாயகம் திரும்ப நேர்ந்ததும் அவ்வாண்டுகளில்தான். 1971-ம் ஆண்டில் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையைப் பற்றியும் வியாபாரிகளிடையே பலவித அபிப்பிராயங்கள் இருந்தன. இவற்றை மறைத்துவிட்டு ஒரு தலைவரின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் பேராக் மக்கள் நன்றியோடு நினைக்கத்தக்க ஒரு காரியமும் அவர் ஆட்சியில் நடந்தது. ஜப்பான் தேசம் செயற்கை ரப்பரை மிகுதியாக உற்பத்தி செய்து பெருக்கியதால் இயற்கை ரப்பரின் விலைக்கு ஆபத்து நேர்ந்தது. மலேசியா தனித்து முறையிட்டிருந்தால் அது ஒரு கடைக்காரரின் புலம்பலாகவே முடிந்திருக்கும். 1973-ம் ஆண்டில் ஆசியான் நாடுகள் ஐந்தும் ஒரே குரலில் பேசின. ஜப்பான் செவி சாய்த்தது. இரு தரப்பாரும் கூடிப் பேச ஓர் அமைப்பும் ஏற்பட்டது. வெளிநாடொன்றோடு ஆசியான் ஒன்றுபட்டு நடத்திய முதற்பேச்சுகளில் அதுவும் ஒன்று. தோட்டத் தொழிலாளியின் சம்பளமும், அவருக்குக் கடன் தந்த நம் கடைக்காரரின் பேரேடும் அந்தப் பேச்சின் பின்னே இருந்தன.

இரத்தப் புற்றுநோய் அவரை வாட்டியது. அதைப் பொதுமக்கள் அறியாதபடி மறைத்துக்கொண்டே அவர் உழைத்தார். 1976-ம் ஆண்டு ஜனவரி 14-ம் தேதி லண்டனில் தமது 53-வது வயதில் காலமானார். கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலை அடுத்த மாவீரர் மக்பராவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்த நாற்பதாம் நாளான பிப்ரவரி 23-ம் தேதி, ஆசியான் தலைவர்களின் முதல் மகாநாடு பாலித் தீவில் தொடங்கியது. அதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அதன்பின் வாணிபப் பாதை மெல்ல மெல்லத் திறந்தது. 1977-ம் ஆண்டில் முதல் தீர்வைச் சலுகை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆனால் சலுகைப் பட்டியலில் உறைபனி அள்ளும் இயந்திரம் போன்றவை இடம்பெற்றன! வெயில் காயும் நம் நாடுகளில் அதை வாங்குவார் யார்? வியாபாரிகளைக் கலந்து பேசாமல் பட்டியல் எழுதினால் இப்படித்தான் முடியும். 1992-ம் ஆண்டில் சிங்கப்பூரில் சுதந்திர வாணிப ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. இப்போதுள்ள ஆசியான் சரக்கு வாணிப ஒப்பந்தம் 2010-ம் ஆண்டு மே மாதம் அமுலுக்கு வந்தது. இந்தியாவோடு ஆசியான் செய்துகொண்ட ஒப்பந்தமும் அதே ஆண்டு ஜனவரியில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

வாணிபப் பெருமக்களே! வழி திறந்திருக்கிறது, அதில் நடப்பவர் எத்தனை பேர்? சலுகை தானாக நம் கடை வாசலுக்கு வருவதில்லை. இந்தோனேசியக் கைலியோ தாய்லாந்துச் சரக்கோ தீர்வைச் சலுகை பெற வேண்டுமானால், அது அந்நாட்டில் உற்பத்தியானது என்பதற்குச் சான்று வேண்டும். ஆசியான் சரக்குக்கு ‘டி’ பாரம், இந்தியச் சரக்குக்கு ‘ஏஐ’ பாரம். முழுவதும் அங்கேயே விளைந்த பொருளாயின் தொல்லையில்லை. செய்பொருளாயின், அதன் மதிப்பில் குறைந்தது 40 சதவிகிதம் ஆசியான் நாடுகளுக்குள் உண்டானதாக இருத்தல் போன்ற விதிகள் உண்டு. அந்தப் பாரத்தை நாம் இங்கே எடுக்க முடியாது. சரக்கை அனுப்புகிறவர்தாம் தம் நாட்டில் எடுக்க வேண்டும். விலை பேசும்போதே கேட்காதவர், சரக்கு கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தபின் கேட்டு அலைய நேரிடும். சுங்கப் பட்டியல் எண் மாறியிருந்தாலும் காரியம் கெடும். நம்மவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்குக்கு இத்தகைய சான்று தருவது நமது முதலீடு, வாணிப, தொழில் அமைச்சாகும்.

பெரிய கம்பெனிகளுக்கு இதைக் கவனிக்கத் தனிக் குமாஸ்தாக்கள் உண்டு. விடியுமுன் கடை திறந்து இரவில் கல்லாவை எண்ணிப் பூட்டும் தனி வியாபாரிக்கு அது இயலுமா? ஆகவே அவர் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ மொத்த வியாபாரியிடம் சொன்ன விலைக்கு வாங்கி வருகிறார். சலுகையின் லாபம் நடுவழியிலேயே நின்றுவிடுகிறது.

இங்கேதான் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. துன் ரசாக்கின் சிவப்பு ஏட்டை நினைவு கூர்வோம். ஈப்போவிலும் சுற்றுப்புற ஊர்களிலும் உள்ள அங்கத்தினர் எந்தச் சரக்கை, எந்த நாட்டிலிருந்து, எவ்வளவு வாங்குகின்றனர் என்பதைச் சங்கம் ஓர் ஏட்டில் எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் சுங்க எண்ணையும், சாதாரணத் தீர்வையையும், சலுகைத் தீர்வையையும் எதிரே குறிக்கட்டும். சில சரக்குகளுக்கு எப்படியும் தீர்வை இராது. அவற்றுக்காகப் பாரம் தேடி அலைய வேண்டியதில்லை என்பதும் அப்போது விளங்கும். பத்துக் கடைகளின் தேவையை ஒன்றாகச் சேர்த்து ஒரே கொள்முதலாக எழுதினால், பாரம் கேட்கும் குரலுக்கும் பலம் உண்டாகும். ஆறு மாதத்துக்கொருமுறை ஏட்டைத் திறந்து, யாருக்குப் பலன் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் அமைச்சிடம் நம் குறையை எடுத்துச் சொல்லவும் அந்த ஏடே ஆதாரமாகும்.

ரப்பருக்காக ஐந்து நாடுகள் கூடிப் பேசியதால் ஜப்பான் கேட்டது. ஐம்பது கடைகள் கூடிப் பேசினால் மேடானிலுள்ள நெசவாலையும் கேட்கும். அன்றைய மலாக்காவில் நம் முன்னோரின் கப்பலுக்கு ஒரு சாபந்தர் இருந்தார். இன்று அந்த வேலையைச் செய்ய வேண்டியது நமது சங்கமே. மர்ஹூம் துன் ரசாக் அவர்கள் ஒப்பமிட்ட பத்திரத்தின் பலன் சிறு கடைக்காரரின் கல்லாப் பெட்டி வரை வந்து சேர, இந்த ஆண்டே அந்த ஏட்டைத் தொடங்குவோமாக!