பகைவர் விடுதலை செய்தார். சொந்தக்காரர்கள் கண்ணைப் பறித்தார்கள்!

போரில் பிடித்த பகைவர் மரியாதையோடு விடுதலை செய்தார். சொந்த நாட்டாரோ கண்களைக் குருடாக்கினார்கள். இந்தக் கொடுமைக்கு ஆளானவர், சுமார் 950 ஆண்டுகளுக்கு முன் கான்ஸ்டான்டிநோபிள் நகரில் இருந்து ஆண்ட சக்கரவர்த்தி 4-ம் ரோமானஸ். அந்த நகரம்தான் இன்றைய இஸ்தான்புல்.

ரோமானஸ் கப்படோசியா பகுதியில் போர்வீரர் குடும்பத்தில் பிறந்தவர். 1067-ல் சக்கரவர்த்தி 10-ம் கான்ஸ்டன்டைன் இறந்தார். ஆட்சியைப் பிடிக்கச் சதி செய்ததாக ரோமானஸ் கைதானார். குற்றவாளி என்று தீர்ப்பும் ஆயிற்று.

ஆனால் விதவை அரசி யூடோகியா அவரை மன்னித்தார். துருக்கியரின் தாக்குதலைத் தடுக்க ஒரு தளபதி தேவைப்பட்டார். மறுமணம் செய்வதில்லை என்று கணவரிடம் கொடுத்த சத்தியத்தையும் மீறி, ரோமானசை மணந்தார். 1068 ஜனவரி 1-ந்தேதி அவருக்கு முடிசூட்டு விழா நடந்தது. இறந்த மன்னரின் குடும்பத்துக்கு இது பிடிக்கவில்லை.

ஓடுவது போல நடிப்பு

துருக்கியர் வில்லேந்திய குதிரை வீரர்கள். அம்பு எய்துவிட்டு, தோற்று ஓடுவது போல ஓடுவார்கள். எதிரி துரத்துவான். அணி கலையும், குதிரைகள் களைக்கும். அப்போது பிறை வடிவில் இரு பக்கமும் சூழ்ந்து கொள்வார்கள்.

இந்தத் தந்திரம் பைசாந்தியருக்குப் புதிதல்ல. மாரிஸ் மன்னர் பெயரால் வழங்கும் பழைய போர் நூலே இதை எச்சரித்து இருந்தது. துரத்தும் படைக்குப் பின்னால் இன்னொரு படை நிற்க வேண்டும் என்பதே அதற்கு மருந்து.

1071 ஆகஸ்டு 26-ந்தேதி, வான் ஏரிக்கு வடக்கே மான்சிகெர்ட் களத்தில், சுல்தான் ஆல்ப் அர்சலானை ரோமானஸ் எதிர்த்தார். சுல்தான் சமாதானத் தூது அனுப்பியும் அவர் ஏற்கவில்லை. படையில் ஒரு பகுதியை முன்பே வேறு கோட்டைக்கு அனுப்பிவிட்டதால் பலமும் குறைந்து இருந்தது.

விதிப்படி பின்படையை நிறுத்தினார். அதன் தலைமையை ஆண்ட்ரோனிகஸ் டூகாசிடம் கொடுத்தார். இவர் இறந்த மன்னரின் தம்பி மகன்!

கைவிட்ட பின்படை

துருக்கியர் பின்வாங்கிக் கொண்டே போனார்கள். ரோமானஸ் மாலை வரை முன்னேறினார். காவல் குறைந்த தன் பாசறையை நினைத்து, கொடியைத் திருப்ப உத்தரவிட்டார். அதைப் பார்த்த தூரத்து வீரர்கள், மன்னர் வீழ்ந்தார் என்று நினைத்தார்கள். ஆண்ட்ரோனிகஸ் அந்த வதந்தியைப் பரப்பி, பின்படையோடு களத்தை விட்டே போய்விட்டார். துருக்கியர் திரும்பிப் பாய்ந்தார்கள்.

ரோமானஸ் ஓடவில்லை. கையில் காயம்பட்டு, குதிரையும் விழுந்த பிறகே பிடிபட்டார்.

சுல்தான் அவரை விருந்தாளி போல நடத்தினார். கப்பம் கட்டுவதாக உடன்பாடு செய்து, சுமார் 8 நாட்களில் விடுவித்தார்.

தலைநகரிலோ யூடோகியாவின் மகன் 7-ம் மைக்கேலை அரியணையில் ஏற்றி, அரசியை மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்ப முயன்ற ரோமானஸ் போரில் தோற்று, அதானாவில் சரண் அடைந்தார். உயிருக்கும் உடலுக்கும் தீங்கில்லை என்ற உறுதியை நம்பித் துறவி உடை அணிந்தார்.

உறுதி காற்றில் பறந்தது. 1072 ஜூன் 29-ந்தேதி அவர் கண்களைக் குருடாக்கினார்கள். காயம் சீழ்பிடித்து, மர்மரா கடலில் உள்ள புரோட்டே தீவில் அந்தக் கோடையிலேயே இறந்தார்.

அவரோடு சுல்தானின் உடன்பாடும் செத்தது. அடுத்த சில ஆண்டுகளில் சின்ன ஆசியாவின் பெரும்பகுதி துருக்கியர் வசமாயிற்று. பகைவரின் பொய் ஓட்டத்தைத் தாங்க ரோமானஸ் ஏற்பாடு செய்திருந்தார். சொந்தப் படையின் நிஜ ஓட்டத்துக்குத்தான் அவரிடம் மருந்து இல்லை.