தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு: அமெரிக்கக் காற்பந்தை மாற்றிய பெர்ட் பெல் யார்?

பள்ளித் திடலில் பந்து விளையாடிய நாள்கள் நினைவிருக்கிறதா? இரண்டு பேர் தலைவர்களாக நிற்பார்கள். மற்றவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நன்றாக ஆடுகிறவன் முதலில் போய்விடுவான். கடைசியில் நிற்பவனை வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவின் என்எஃப்எல் காற்பந்து லீக்கும் ஆண்டுதோறும் இதையேதான் செய்கிறது. கல்லூரிகளிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரர்களை 32 அணிகளும் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஒரே ஒரு வித்தியாசம். போன பருவத்தில் ஆக மோசமாக ஆடிய அணிதான் முதலில் ஆள் எடுக்கும்.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது, அங்கே வியாழன் இரவு. டிராஃப்ட் தொடங்கியிருக்கும். 2024இல் டெட்ராய்ட் நகரில் நடந்த டிராஃப்ட்டைப் பார்க்க 700,000க்கும் அதிகமானோர் திரண்டார்கள். ஆட்டம் கிடையாது, பந்து கிடையாது. பெயர் வாசிப்பதைக் கேட்கத்தான் அவ்வளவு கூட்டம்!

இந்த முறையைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல். தோற்றுக்கொண்டே இருந்த தன் அணியைக் காப்பாற்றத்தான் அவர் இதை யோசித்தார். ஆனால் அவர் கையில் இருந்தவரை அந்த அணி எழவே இல்லை.

பிரிமியர் லீக் ரசிகர்களுக்கு ஒரு விளக்கம்

நாம் இங்கே விடிய விடியப் பார்க்கும் இங்கிலீஷ் பிரிமியர் லீக்கில் கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்படும். தோற்றால் தண்டனை.

அமெரிக்கக் காற்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம். அங்கே அப்படி இறக்கிவிடும் வழக்கம் இல்லை. கடைசி இடத்தில் வந்த அணிக்கு அடுத்த ஆண்டின் முதல் வாய்ப்பு கிடைக்கும். விழுந்தவனை முதலில் தூக்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஏன் அப்படி? அதற்குப் பெல்லின் கதையைக் கேட்கவேண்டும்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

பெல் 1895ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை பென்சில்வேனியா மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்தவர். அண்ணன் தம்பி இருவரில் மற்றவர் பிற்காலத்தில் சில நாள்களுக்கு அந்த மாநிலத்தின் ஆளுநராகவே இருந்தார்.

பெல்லுக்கோ படிப்பைவிடப் பந்துதான் உயிர். பென்சில்வேனியா பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். 1917ஆம் ஆண்டு ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஓரிகன் அணியிடம் 14-0 எனத் தோற்ற அணியில் அவரும் ஒருவர். பிறகு முதல் உலகப் போரின்போது மருத்துவப் பிரிவோடு பிரான்ஸ் சென்று திரும்பினார்.

அதன் பிறகு? குதிரைப் பந்தயம், சூதாட்டம், குடி. 1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது பெரும் பணம் போனது. கடனை அடைக்க அப்பாதான் கைகொடுத்தார்.

அவரை மாற்றியவர் ஃபிரான்சஸ் அப்டன் என்ற பிராட்வே மேடை நடிகை. அவருக்காகப் பெல் குடியை விட்டார். 1933இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓர் அணி வாங்க வாய்ப்பு வந்தபோது பணம் கொடுத்து உதவியதும் ஃபிரான்சஸ்தான். மறு ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

நண்பர் லட் ரேயுடன் சேர்ந்து தொடங்கிய அந்த அணிக்குப் பெல் ஈகிள்ஸ் என்று பெயரிட்டார். பொருளாதார மந்தத்திலிருந்து நாட்டை மீட்க அதிபர் ரூஸவெல்ட் கொண்டுவந்த திட்டத்தின் சின்னம் நீலக் கழுகு. அதிலிருந்து எடுத்த பெயர் அது.

யோசனை எப்படி வந்தது?

அப்போதெல்லாம் கல்லூரி முடித்த ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த அணியில் சேரலாம். யார் அதிகம் கொடுக்கிறார்களோ, யார் அதிகம் ஜெயிக்கிறார்களோ, அங்கே போவார்கள். சிகாகோ பேர்ஸ், நியூயார்க் ஜயண்ட்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ் போன்ற அணிகள் பலமாக இருந்தன. ஈகிள்ஸ் பக்கம் வர நல்ல ஆட்டக்காரர்கள் தயங்கினார்கள். ஆள் இல்லாததால் தோல்வி, தோற்பதால் ரசிகர் இல்லை, ரசிகர் இல்லாததால் பணம் இல்லை, பணம் இல்லாததால் மறுபடியும் ஆள் இல்லை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம் ஸ்டான் காஸ்ட்காவைத் தன் அணிக்குக் கொண்டுவரப் பெல் படாத பாடு பட்டார். நேரில் போய்ப் பேசியும் பயனில்லை. காஸ்ட்கா புருக்லின் அணிக்குப் போய்விட்டார்.

1935 மே மாதம் அணி உரிமையாளர்கள் பிட்ஸ்பர்கில் கூடினார்கள். அங்கே பெல் தன் யோசனையை வைத்தார். கல்லூரி முடிக்கும் ஆட்டக்காரர்களின் பட்டியலை எல்லாரும் சேர்ந்து தயாரிப்போம், கடைசி இடத்தில் வந்த அணி முதலில் எடுக்கட்டும் என்பதுதான் அது.

இதில் இழக்கப்போவது பலமான அணிகள். இருந்தாலும் பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸும் ஜயண்ட்ஸ் அணியின் டிம் மாராவும் ஒப்புக்கொண்டார்கள். திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. சின்ன அணிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால், பெரிய அணிகள் யாரோடு விளையாடும்? அந்தக் கணக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது. இன்னொரு லாபமும் இருந்தது. ஓர் ஆட்டக்காரருக்காக அணிகள் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றும் வேலை இனி இல்லை.

முதல் டிராஃப்ட்டில் என்ன நடந்தது?

1936 பிப்ரவரி 8ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் ஓர் அறை. கரும்பலகையில் சுமார் 90 பெயர்கள். 9 அணிகள், 9 சுற்று, மொத்தம் 81 தேர்வுகள். தொலைக்காட்சி இல்லை, மேடை இல்லை. ஆட்டக்காரர்களை நேரில் பார்த்து வர ஆளனுப்பும் வசதி பெரும்பாலான அணிகளுக்கு இல்லை. நாளிதழ்களில் படித்ததையும் தெரிந்தவர்கள் சொன்னதையும் நம்பித்தான் பலரும் பெயர் சொன்னார்கள்.

1935 பருவத்தில் 2 வெற்றி, 9 தோல்வி கண்ட ஈகிள்ஸுக்கே முதல் வாய்ப்பு. பெல் எடுத்த பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். நாட்டின் ஆகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருதை, இன்று ஹைஸ்மன் கிண்ணம் என்று அழைக்கப்படும் அந்த விருதை, முதன்முதலாக வென்றவர்.

ஆனால் பெர்வாங்கர் கேட்ட சம்பளத்தைப் பெல்லால் கொடுக்க முடியவில்லை. அவரை ஒப்பந்தம் செய்யும் உரிமையைப் பேர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார். அவர்களாலும் முடியவில்லை. டிராஃப்ட் வரலாற்றின் முதல் பெயர், தொழில்முறைக் காற்பந்து ஒரு நாள்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போனது!

அவர் மட்டுமல்ல. அன்று தேர்வான 81 பேரில் பாதிப் பேர்கூட அந்த லீக்கில் ஆட வரவில்லை. நாடே பொருளாதார மந்தத்தில் இருந்த காலம். பந்து விளையாடுவதைவிட நிரந்தர வேலை மேல் என்று நினைத்தவர்கள் பலர்.

அப்போ, அவருடைய அணி எழுந்ததா?

இல்லைங்க.

1936இல் நடந்த ஏலத்தில் பெல் 4,500 டாலருக்கு ஈகிள்ஸின் ஒரே உரிமையாளரானார். செலவைக் குறைக்கத் தானே பயிற்றுவிப்பாளராகவும் இறங்கினார். நுழைவுச்சீட்டு விற்பதும் அவர்தான். அந்தப் பருவத்தில் ஒரே ஒரு வெற்றி, 11 தோல்வி.

1937இலும் முதல் வாய்ப்பு ஈகிள்ஸுக்கே. அந்த முறை எடுத்த சாம் ஃபிரான்சிஸையும் பேர்ஸ் அணிக்கே மாற்றிக் கொடுத்தார் பெல். அதே டிராஃப்ட்டில் 6வதாகத் தேர்வானவர் சாமி பா. அவரை எடுத்த அணி வாஷிங்டனுக்கு இடம் மாறி, அந்த ஆண்டே வெற்றியாளர் பட்டத்தை வென்றது. வரிசையில் முதலில் நின்றவருக்குக் கிடைக்காதது ஆறாவதாக நின்றவருக்குக் கிடைத்தது.

1939இல் பெல் எடுத்த டேவி ஓபிரையன் நன்றாகத்தான் ஆடினார். இரண்டு பருவம் ஆடிவிட்டு எஃப்பிஐ அதிகாரியாகப் போய்விட்டார்.

1936 முதல் 1940 வரை பெல் பயிற்றுவித்த ஈகிள்ஸின் கணக்கு இது: 10 வெற்றி, 44 தோல்வி, 2 சமநிலை.

1941இல் ஓர் உரிமையாளர் மாற்றத்தில் பெல் தன் நண்பர் ஆர்ட் ரூனியோடு சேர்ந்து பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்குப் போனார். அங்கே முதல் இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. பயிற்றுவிப்பாளர் பொறுப்பை விட்டுவிட்டார்.

அவர் போன பிறகுதான் ஈகிள்ஸுக்கு விடிந்தது. 1944 டிராஃப்ட்டின் முதல் சுற்றில் எடுத்த ஸ்டீவ் வான் பியூரன் தூணாக நின்றார். 1948, 1949 இரண்டு ஆண்டும் பட்டம் ஈகிள்ஸுக்கு!

லீக்கின் தலைவராக

1946 ஜனவரியில் பெல் என்எஃப்எல் லீக்கின் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார். பலமில்லாத அணியை நடத்திய அனுபவம் இங்கே உதவியது. எந்த வாரம் யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணையை வீட்டு மேசையில் டோமினோ கட்டைகளை அடுக்கி அவரே தயாரித்தார். பருவத்தின் தொடக்கத்தில் பலவீனமான அணிகளைப் பலவீனமான அணிகளோடு மோதவிட்டார். அப்போதுதானே எல்லா ஊர் ரசிகர்களுக்கும் கொஞ்ச நாளாவது நம்பிக்கை இருக்கும்!

பழைய சூதாடிக்குச் சூதாட்டத்தின் ஆபத்தும் தெரிந்திருந்தது. 1946 இறுதி ஆட்டத்துக்கு முன் லஞ்சம் தர ஒருவர் முயன்றதை உடனே தெரிவிக்காத ஜயண்ட்ஸ் ஆட்டக்காரர்கள் இருவருக்குக் காலவரையற்ற தடை விதித்தார்.

இது யாருக்கு நியாயம்?

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்க்கவேண்டும். டிராஃப்ட் அணிகளுக்கு நியாயம். ஆட்டக்காரருக்கு?

படிப்பை முடித்து வேலை தேடும் உங்களிடம், இந்த நிறுவனத்தில் மட்டும்தான் நீங்கள் சேரலாம், பிடிக்காவிட்டால் இந்தத் துறையிலேயே வேலை இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? டிராஃப்ட் அதைத்தான் சொன்னது. 1946இல் போட்டி லீக் ஒன்று தொடங்கியதும் ஆட்டக்காரர்களுக்கு வேறு வழி பிறந்தது, சம்பளம் ஏறியது. 1949 டிசம்பரில் இரண்டும் இணைந்தன. அந்த வழி மூடியது.

1976இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அப்போது இருந்த டிராஃப்ட் முறை போட்டித்தன்மைச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டால்தான் டிராஃப்ட் தொடர்ந்தது.

கரும்பலகையில் இடமே கிடைக்காதவர்களும் உண்டு. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. டிராஃப்ட்டில் முதல் கறுப்பினத்தவர் தேர்வானது 1949இல்தான். அவர் ஜார்ஜ் டாலியஃபெரோ. எல்லாருக்கும் சம வாய்ப்பு என்ற பேச்சு 13 ஆண்டுகளாக உரிமையாளர்களுக்கு மட்டுமே பொருந்தியது.

டிராஃப்ட்டால் அணியைக் கட்டியெழுப்ப முடியுமா?

முடியும். அதை நிரூபித்தது பெல்லின் நண்பர் ரூனியின் ஸ்டீலர்ஸ் அணி. 1933இல் தொடங்கி 40 ஆண்டுகள் ஒரு பட்டம்கூட வெல்லாத அணி அது.

1969இல் சக் நோல் பயிற்றுவிப்பாளராக வந்தார். முதல் தேர்வு ஜோ கிரீன். அந்தப் பருவம் 1 வெற்றி, 13 தோல்வி. ஆனாலும் அவர்கள் அவசரப்படவில்லை. 1970இல் டெரி பிராட்ஷா, 1972இல் ஃபிராங்கோ ஹாரிஸ். 1974இல் ஒரே டிராஃப்ட்டில் எடுத்த நான்கு பேர் பின்னாளில் புகழ்க் கூடத்தில் இடம்பெற்றார்கள்.

அதில் முக்கியப் பங்கு பில் நன் என்பவருக்கு. கறுப்பினச் சமூக வார இதழ் ஒன்றின் விளையாட்டுப் பிரிவு ஆசிரியராக இருந்தவர். மற்ற அணிகள் எட்டிப் பார்க்காத கறுப்பினக் கல்லூரிகளில் திறமைசாலிகளைத் தேடினார். மெல் பிளவுன்ட், ஜான் ஸ்டால்வொர்த் போன்றவர்கள் அப்படி வந்தவர்கள்தான். 1975க்கும் 1980க்கும் இடையில் ஸ்டீலர்ஸ் நான்கு சூப்பர் பவுல் பட்டங்களை வென்றது.

பெல் கொடுத்தது வரிசையில் முன்னால் நிற்கும் உரிமை. யாரை எடுப்பது என்று கண்டுபிடிக்க ஆளும், அவரைத் தக்கவைக்கப் பணமும், காத்திருக்கப் பொறுமையும் அணிதான் தேடிக்கொள்ளவேண்டும். 1936இல் பெல்லிடம் அவை இல்லை.

கடைசி ஆட்டம்

1959 அக்டோபர் 11. ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் திடல். இளம் வயதில் பல்கலைக்கழகத்துக்காகப் பெல் ஆடிய அதே இடம். அன்று மோதியவை ஈகிள்ஸும் ஸ்டீலர்ஸும். இரண்டுமே ஒரு காலத்தில் அவருடைய அணிகள்!

லீக்கின் தலைவராக இருந்தும் அவர் ரசிகர்களோடு ரசிகராக அமர்ந்திருந்தார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மாரடைப்பு வந்தது. அவருக்கு வயது 64.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே திடலில் ஈகிள்ஸ் 17-13 என்ற கணக்கில் கிரீன் பே பேக்கர்ஸை வீழ்த்திப் பட்டம் வென்றது. கடைசி நொடிகளில் எதிரணி ஆட்டக்காரரைக் கோட்டைத் தொடவிடாமல் மடக்கிப் பிடித்தவர் சக் பெட்னரிக். பெல் படித்த அதே பல்கலைக்கழகத்திலிருந்து, 1949 டிராஃப்ட்டின் முதல் தேர்வாக ஈகிள்ஸுக்கு வந்தவர்.

பெல் அதைப் பார்க்கவில்லை.